வியர்க்கும் பாசிமணிகள்

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாசிமணிப் பைகளில் சில நிற மணிகள் மட்டும் பிசுபிசுத்து உடைகின்றன, பக்கத்து மணி புத்தம் புதிதாக இருக்கிறது, ஏன் என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

பையின் கதை சுருக்கமாக. 1790களில் பெண்களின் கவுன்கள் உடலோடு ஒட்டி இறங்கின. அகலப் பாவாடைக்குள் இடுப்பில் கட்டியிருந்த பைக்கு இடமில்லாமல் போக, சுருக்குப்பை கைக்கு வந்தது. வெனிஸிலும் பொஹீமியாவிலும் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) செய்த கடுகளவு கண்ணாடி மணிகளைக் கோத்து அதைப் பின்னினார்கள். குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னல்) மணிகளை முன்கூட்டியே நூலில் கோத்துவிட வேண்டும், அதுவும் தலைகீழ் வரிசையில். கடைசியாகக் கோத்த மணிதான் முதலில் பின்னலில் ஏறும்.

சரி, வியர்வைக்கு வருவோம். கண்ணாடியின் மூலப்பொருள் மணல், அதாவது சிலிக்கா. அது உருக ஏறத்தாழ 1700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சோடாவோ (சோடியம் உப்பு) பொட்டாஷோ (பொட்டாசியம் உப்பு) சேர்த்தால் அது வெகுவாகக் குறையும். ஆனால் அவை நீரில் கரையும் சரக்கு. கட்டிப்போடச் சுண்ணாம்பு தேவை. ஒவ்வொரு நிறமும் தனித்தனிக் கலவை. எதில் சோடா கூடிச் சுண்ணாம்பு குறைந்ததோ, அந்த நிறம் மாட்டிக்கொண்டது.

காற்றின் ஈரம் மணியின் மேல் படிகிறது. நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனி கண்ணாடிக்குள் நுழைய, அந்த இடத்திலிருந்த சோடியம் வெளியேறுகிறது. வெளியே வந்த சோடியம் காரமாக மாறி, மேலும் ஈரத்தை இழுக்கிறது. அதுதான் அந்தப் பிசுபிசுப்பு. காரம் ஏறி, அதை அளக்கும் பிஎச் அளவு 9ஐத் தாண்டினால், கண்ணாடியின் கட்டமைப்பான சிலிக்கா வலையே கரையத் தொடங்கும். ஹைட்ரஜன் சோடியத்தைவிடச் சிறியது அல்லவா? அதனால் மேல்தோல் மட்டும் சுருங்க, உள்ளே இருப்பது சுருங்காமல் நிற்க, மெல்லிய விரிசல்கள் ஓடுகின்றன. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்த அழிவு எனக்கு அலுக்காத வேதியியல்.

அப்புறம் நூல். பருத்தி காரத்தை ஓரளவு தாங்கும். பட்டு புரதம், தாங்காது. துளைக்குள் இருக்கும் நூலில் ஈரமும் காரமும் சேர்ந்தே தங்குவதால், மணி முழுசாக இருக்கும்போதே பட்டு இற்றுப்போகிறது.

அருங்காட்சியகங்கள் இத்தகைய பைகளை ஏறத்தாழ 40 சதவீத ஈரப்பதத்தில் வைக்கப் பார்க்கின்றன. ரொம்பவும் உலர்ந்தாலும் விரிசல் கூடும். புதுக் காட்சிக்கூடம் திறக்கக் காசு புரட்டிவிடலாம், பின்கட்டுச் சேமிப்பறையில் ஈரத்தை அடக்கும் கருவிக்குத்தான் யாரும் கொடுப்பதில்லை என்பது என் ஆதங்கம். வீட்டில் அப்படியொரு பை இருந்தால் பாலித்தீன் உறையில் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.