வாத்தியார்: வாத்தியத்தில் பிறந்த சொல்லா?

கொங்கு நாட்டில் நாகசுரம் ஊதுகிறவர் ஊராருக்கு மேளக்காரர். அவரிடம் பழகும் பையனுக்கு அவரே வாத்தியார். காலையில் முகூர்த்தத்துக்கு ஊதிவிட்டு வந்து, மாலையில் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் அவர். கோயில் பணியில் இருந்தால் அவரை வித்வான் என்பார்கள். ஈரோட்டிலோ கரூரிலோ அரசு இசைப்பள்ளியில் சம்பளம் வாங்கினால் ஆசிரியர். பேண்டு செட்டில் கிளாரினெட்டோ ட்ரம்பெட்டோ வாசித்துக்கொண்டு இளைஞர்களைத் தயார் செய்பவர் மாஸ்டர். இலத்தீன் மொழியின் 'மாகிஸ்தெர்' ஆங்கிலத்தின் வழியே கோயம்புத்தூர் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஊதக் கற்பிக்கும் இவரை எந்தச் சொல்லால் குறிப்பது? இத்தனை பெயர்களில் நாவில் நன்றாக ஊறியது வாத்தியார்தான். வாத்தியம் கற்பிப்பதால் வாத்தியார் என்று பலரும் சொல்கிறார்கள். கேட்கப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுவல்ல. கணக்கு வாத்தியார் எந்த வாத்தியத்தை வாசித்தார்? சிலம்ப வாத்தியார் கையில் இருப்பது கம்பு மட்டுமே. எம்.ஜி.ஆரை ரசிகர்கள் வாத்தியார் என்று கொண்டாடியதற்கும் நாகசுரத்துக்கும் தொடர்பில்லை.

சொல்லின் மூலம் வடமொழி 'உபாத்யாய'. ஒருவர் அருகே சென்று கற்பது என்னும் பொருளில் அமைந்த சொல் அது; யாரை அணுகிக் கற்கிறோமோ அவர் உபாத்தியாயர். தமிழில் நடுவிலுள்ள பகரம் வகரமாகி உவாத்தியாயர் என்றாயிற்று. கடைசி அசைகள் சுருங்கி உவாத்தியார். முதலில் நின்ற உகரமும் உதிர்ந்து வாத்தியார். நடுக்கட்டத்துக்குச் சான்று உண்டு. 'அரசன் உவாத்தியான் தாய் தந்தை தம்முன்' என்று, தேவரைப் போலத் தொழத்தக்க ஐவரை ஆசாரக்கோவை அடுக்குகிறது. வடக்கே அதே சொல் பிராகிருதத்தில் 'உவஜ்ஜாய' என்று திரிந்து, ஓஜா, ஜா என்னும் குடும்பப் பெயர்களாகத் தேய்ந்தது. ஜா என்று பெயர் முடியும் பீகார்க்காரரும் நம் கணக்கு வாத்தியாரும் சொல்லளவில் பங்காளிகள்.

சமணர்கள் வணங்கும் ஐவரில் ஆசாரியர் மூன்றாமவர், உபாத்தியாயர் நான்காமவர். விசயமங்கலத்தில் இன்றும் சமணக் கோயில் நிற்கும் கொங்குக்கு இவ்விரண்டு சொற்களும் புதியவை அல்ல.

வாத்தியம் வேறு வேரில் முளைத்தது. 'வத்' என்றால் பேசு, ஒலி எழுப்பு. ஒலிக்கச் செய்யப்படுவது 'வாத்ய'. வடமொழியில் உபாத்யாயவில் வரும் தகரம் மூச்சோடு ஒலிக்கும் வல்லொலி. வாத்யவில் வருவது மூச்சில்லாத மெல்லிய ஒலி. தமிழ் எழுத்துக்கு அந்த வேறுபாடு கிடையாது. இரண்டும் 'த்திய' என்றே வந்து நிற்க, உறவில்லாத இருவர் ஒரே சாயலில் ஊருக்குள் நடமாடுகிறார்கள்.

வாத்தியத்துக்குத் தமிழ் தேடுவது எளிது. பழைய சொல் இயம். பல கருவிகள் சேர்ந்தால் பல்லியம். இனிய இசைக்கருவி இன்னியம். வாசிப்பவர் இயவர். 'கலித்த இயவர் இயந்தொட் டன்ன' என்கிறது மதுரைக்காஞ்சி. அகராதிகள் அங்கே தோற்கருவியாளர் என்று பொருள் தருவதால், ஊதுகிறவர்களுக்கு அந்தச் சொல்லை அப்படியே தூக்கிக் கொடுப்பது சரியாக இராது.

அவர்களுடைய கருவிகளைப் பாடநூல்கள் துளைக்கருவி என்கின்றன. நாகசுரத்துக்கு இது பொருந்துகிறது. மேலே விரல் வைக்க ஏழு துளைகள் இருக்கின்றன. நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, ஊதும் கொம்பில் விரல் வைக்கத் துளை ஏது? தாரை என்னும் நீண்ட ஊதுகுழலுக்கும் அதே கதை. இவற்றில் சுரத்தை மாற்றுவது உதட்டின் இறுக்கமும் மூச்சின் வேகமும்தான். உலோகத்தால் ஆன சாக்ஸபோனையோ, அதற்கு 1846இல் காப்புரிமை பெற்ற அடால்ஃப் சாக்ஸின் நாட்டவர்கள் மரக்குழல்களோடு சேர்த்து எண்ணுகிறார்கள். வாயில் வைக்கும் நாணல் பட்டைதான் காரணம். எல்லாவற்றையும் அடக்க ஊதுகருவி என்ற சொல் போதும். காற்றுக்கருவி என்பதும் தவறில்லை.

இனி ஊதக் கற்பிக்கும் அந்த மனிதருக்கு வருவோம். அவர் கற்பிக்கும் விதத்தைப் பார்த்தால்தான் எந்தச் சொல் பொருந்தும் என்று தெரியும். முன்பெல்லாம் சேர்ந்தவுடன் பையனிடம் நாகசுரத்தைக் கொடுக்கமாட்டார்கள், சுருதிக்கு ஊதும் ஒத்து என்னும் குழல்தான் முதலில். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சிழுத்து, ஒரே சுரத்தை அறுபடாமல் பிடித்திருக்க வேண்டும். இன்று அந்த வேலையைச் சுருதிப்பெட்டி எடுத்துக்கொண்டது. நாகசுரம் கைக்கு வந்த பிறகும் பாதி நேரம் சீவாளியோடு போகும். நாணல் தட்டையில் செய்த அந்தச் சின்னத் துண்டு, எச்சிலில் ஊறி வாய் திறந்தால்தான் பேசும். அதிகம் திறந்தால் கத்தும், ஒட்டிக்கொண்டால் மூச்சே போகாது. வாத்தியார் அதை உதட்டில் வைத்து ஒருமுறை ஊதிப் பார்த்து, ஊசியால் லேசாக நெம்பி, மறுபடி ஊதிப் பார்த்துப் பையனிடம் நீட்டுவார். அப்புறம் துத்துகாரம்: நாக்கால் சுரத்தைத் தட்டிப் பிரிக்கும் பழக்கம். விரலடி அதற்கும் பிறகுதான். இதில் எதையும் நோட்டில் எழுதிக் கொடுக்க முடியாது. அவர் ஊத, இவன் ஊத வேண்டும்.

ஆகவே ஆசிரியர் என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு மக்கள் உரிமை கொண்டாடும் பவணந்தி முனிவர், நன்னூலில் ஆசிரியனின் இலக்கணத்தை விரித்துச் சொல்லி 'நூலுரை ஆசிரியன்' என்றே முடிக்கிறார். நூலை உரைப்பவர் அவர். சீவாளியை நெம்புகிறவர் அல்லர். ஆசு இரியர், அதாவது குற்றம் களைபவர் என்று ஆசிரியரைப் பிரிப்பது அழகுதான். ஆசாரியரே பிராகிருத வழியில் ஆசிரியர் ஆனார் என்பதே எனக்கு ஏற்புடையது. நாகசுரத்தை ஆச்சா மரத்தில் கடையும் ஆசாரியும் அதே ஆசாரியர்தான் என்பது வேடிக்கை.

பயிற்றுநர் என்று எழுதலாமா? விளையாட்டு மைதான வாடை அடிக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் குழலோன் இருக்கிறார். அந்தக் காப்பியத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லாரும் கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர் என்பார்கள். குழலை எதிலெல்லாம் செய்யலாம், அவற்றில் எது சிறந்தது என்பது வரை அவர் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் குழலோன் என்பது வாசிப்பவரைத்தான் குறிக்கும். கற்பிப்பது அதில் இல்லை.

என் தேர்வு ஆசான். இதையும் ஆசாரியர் குடும்பத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. இருந்தாலும் தொல்காப்பியப் பாயிரத்து அதங்கோட்டாசான் காலத்திலேயே தமிழில் குடியேறிவிட்ட சொல். செய்து காட்டிக் கற்பிப்பவர் என்ற வாசனை இதில் இருக்கிறது. ஆடலாசான், வர்ம ஆசான் என்று வழங்குவதைப் பாருங்கள். நன்னூலும் மாணாக்கனைப் பற்றிப் பேசும்போது ஆசான் என்கிறது: ஆசான் சொன்னதை முழுதாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் சேரும், உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால், மற்ற அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். கச்சேரிக்கும் போய்க்கொண்டு, வீட்டில் நான்கு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டிருக்கும் நாகசுரக்காரருக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லாமலே தெரியும்.

பேச்சில் வாத்தியார் இருக்கட்டும். 'வாத்தியாருங்க' என்று கொங்குக்காரர் அழைப்பதில் உள்ள மரியாதையை வேறு எந்தச் சொல்லாலும் ஈடுசெய்ய முடியாது. அழைப்பிதழிலும் சான்றிதழிலும் நாகசுர ஆசான், குழல் ஆசான், கொம்பு ஆசான் என்று அச்சிடலாம். பலர் என்றால் ஆசான்மார். பெண்களுக்கு வாத்தியாரம்மா என்றால் ஆசிரியையா, வாத்தியாரின் மனைவியா என்ற குழப்பம் வருகிறது. அவர்களையும் ஆசான் என்றே எழுதலாம். 'ஆன்' என்று முடிகிறதே என்று தயங்க வேண்டியதில்லை, வினைமுற்று 'கற்பித்தார்' என்று வந்தால் போதும்.