நாலு பக்கமும் திறந்திருந்தால் காற்று விட்டுவிடாது

காற்றில் பறந்துபோன கொட்டகை என்று நான் பார்க்கப் போனதில், இந்த வருடத்தில் இது மூன்றாவது. பண்ணையில் குடும்பமும் வேலையாட்களும் சாயங்காலம் உட்கார்ந்து பேசவும், விசேஷம் என்றால் நாற்பது பேர் கூடவும் ஆசையாகக் கட்டிய நிழல் கொட்டகை. ஒரே காற்றில் கூரை வேலியைத் தாண்டி மேய்ச்சல் நிலத்தில் போய் விழுந்திருந்தது. அடியில் யாரும் இல்லை, அதுவரை நிம்மதி. நான் போனபோது மூலைத் தூண் ஒன்று சாய்ந்து கிடந்தது, குழியில் ஊற்றிய கான்கிரீட் கட்டி அதன் காலோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டியில் ஒரு விரிசல் இல்லை, தூணும் வளையவில்லை. வேரோடு பிடுங்கிய செடி மாதிரி முழுசாக மேலே வந்திருந்தது.

காற்றுக்கு ஏன் கணக்குப் போடவில்லை என்று கேட்டால் மூன்று இடத்திலும் ஒரே பதில்தான்: "சுவரே இல்லையே சார், காத்து ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போயிடும்னு நினைச்சோம்."

போகாது. சுவர் இல்லையென்றால் சுவரைத் தள்ளும் விசை இல்லை, அவ்வளவுதான். கூரை இருக்கிறதே! கீழே புகுந்த காற்று அதை மேலே முட்டும், மேலே ஓடுகிற காற்று அதை உறிஞ்சும், இரண்டும் சேர்ந்து ஒரே திசையில் தூக்கும். ஒரு பக்கம் வைக்கோல் கட்டுகளை அடுக்கியோ டிராக்டரை நிறுத்தியோ வழியை அடைத்துவிட்டால் இன்னும் மோசம்.

கணக்காகவே சொல்கிறேன். மணிக்கு 108 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 30 மீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 55 கிலோ. 10 மீட்டருக்கு 6 மீட்டர் கூரை என்றால் 60 சதுர மீட்டர், அதாவது மூன்று டன்னுக்கு மேல். கூரையின் சரிவைப் பொறுத்து இது கூடும், குறையும். ஓரங்களிலும் மூலைகளிலும் எப்போதுமே அதிகம். இதை எதிர்த்துப் பிடிக்க அங்கே என்ன இருந்தது? தகரமும், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினும் சேர்ந்து ஒரு டன்கூட வராது. ஆறு தூணுக்கும் 45 சென்டிமீட்டர் சதுரத்தில் 60 சென்டிமீட்டர் ஆழக் குழி. ஒரு குழிக் கான்கிரீட் சுமார் 290 கிலோ, ஆறும் சேர்ந்து ஒன்றே முக்கால் டன். கூட்டிப் பாருங்கள், போதவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

தூணைத் தடிமனாகப் போட்டோம் என்கிறார்கள். தூண் தடிமனாக இருந்து என்ன பயன், பிடிப்பு தரையில் அல்லவா வேண்டும்? தகரத்திலிருந்து பர்லின், பர்லினிலிருந்து உத்திரம், உத்திரத்திலிருந்து தூண், தூணிலிருந்து அடித்தளம் என்று ஒவ்வொரு இணைப்பும் மேலே இழுத்தால் தாங்க வேண்டும். ஆணி அடித்து விட்டுவிடாதீர்கள், ஸ்க்ரூவும் போல்ட்டும் போடுங்கள். கூரை ஓரங்களில் ஸ்க்ரூவை நெருக்கமாக வையுங்கள். தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் சாய்வு முட்டு கட்டாயம், இல்லாவிட்டால் கொட்டகை பக்கவாட்டில் ஆடும். தூணின் காலைத் தரைமட்டத்துக்கு மேலே பேஸ் பிளேட்டில், அதாவது அடித்தளத்தோடு போல்ட் போட்ட இரும்புத் தகட்டில், நிறுத்துங்கள். மாட்டு மூத்திரமும் சாணமும் தேங்கினால் இரும்பு முதலில் துருப்பிடிப்பது தரைமட்டத்தில்தான்.

அப்புறம் நிழல். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். சாயங்கால வெயில் தாழ்வாக வருவதால் எவ்வளவு பெரிய கூரை போட்டாலும் மேற்குப் பக்கம் உள்ளே அடிக்கும். இதைக் கட்டி முடித்த பிறகு கண்டுபிடித்து அந்தப் பக்கம் நிழல் வலையை இழுத்துக் கட்டுகிறார்கள், வலை பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்கிறது. நான் பார்த்த மூன்றில் இரண்டு இப்படித்தான் போயின. வலை வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லுங்கள், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடலாம். இல்லையா, மேற்கே கொஞ்சம் தள்ளி மரம் வையுங்கள்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். இடி கேட்டால் கொட்டகைக்குள் ஓடாதீர்கள். அது மழைக்குத்தான் ஒதுங்குமிடம், மின்னலுக்கு இல்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போங்கள், வீடு தூரமென்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்காருங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரவேண்டாம்.