1970 செவெல் எஸ்.எஸ். விற்பனைக்கு: பணம் கட்டுமுன் எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

ஆகஸ்ட் வந்தால் டெட்ராய்ட் பக்கம் இருக்கும் நம் ஆட்களில் சிலருக்கு ஒரு ஜுரம் வந்துவிடும். வுட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, நாமும் ஒரு பழைய மஸ்டாங்கோ செவெலோ வாங்கினால் என்ன என்று கிளம்புவார்கள். தாராளமாக வாங்குங்கள். வாங்குபவர் சார்பில் பழைய கார்களைப் போய்ப் பார்த்து அறிக்கை தருவதுதான் என் தொழில். அந்த ஆசை இல்லையென்றால் எனக்குப் பிழைப்பில்லை. ஆனால் ஒன்று. விளம்பரத்தில் ‘முழுக்க ரீஸ்டோர் செய்தது’, அதாவது பழையபடி புதுசாக்கியது, என்று போடுவதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. ஃப்ரேமிலிருந்து பாடியைத் தூக்கி, கடைசி போல்ட் வரை கழற்றிச் சேர்த்த காருக்கும் அந்தப் பெயர்தான். பட்டி பூசி, பெயின்ட் அடித்து, சீட் துணி மாற்றிய காருக்கும் அதே பெயர்தான்.

1970 செவர்லே செவெல் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) காரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அதிகம் ஆசைப்படுவதும் அதுதான், அதிகம் ஏமாறுவதும் அதில்தான். நடுத்தர அளவுக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. 1970 மாடலுக்கு அதைத் தளர்த்தியதும் செவெலுக்குள் 454 கன அங்குல வி8 வந்து உட்கார்ந்தது. அதில் எல்.எஸ்.6 என்ற ரகத்துக்கு 450 குதிரைசக்தி என்று கம்பெனி சொன்னது. (இன்ஜினை மட்டும் தனியாக ஓட்டி அளந்த அந்தக் காலத்துக் கணக்கு அது. இன்றைய கார்களின் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.) அசல் எல்.எஸ்.6 நல்ல நிலையில், காகிதங்களோடு இருந்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த வருடம் எஸ்.எஸ். என்பது தனி மாடல் அல்ல, செவெல் வரிசையிலேயே உள்ள மாலிபு காரின் மேல் காசு கட்டிச் சேர்த்துக்கொள்ளும் ஒரு ஆப்ஷன். அதனால் வின் எண்ணில் (ஒவ்வொரு காருக்கும் ஆலை கொடுக்கும் அடையாள எண்) எஸ்.எஸ். என்பதற்கான அடையாளமே இருக்காது. 1, 3, 6, 3, 7, 0 என்று தொடங்கும் எண், அது 1970 மாலிபு, வி8, இரண்டு கதவு ஹார்டாப் என்று மட்டும் சொல்லும். அடுத்த எழுத்து தொழிற்சாலை. ‘பி’ என்றால் பால்டிமோர். பாட்டி சர்ச்சுக்கு ஓட்டிப்போன சாதாரண 307 இன்ஜின் மாலிபுவுக்கும், 450 குதிரைசக்தி எல்.எஸ்.6 காருக்கும் இந்த முதல் பகுதி ஒன்றேதான். 1966 முதல் 1968 வரை வந்த எஸ்.எஸ். 396 காரில் இந்தக் குழப்பம் இல்லை. அவற்றின் எண் 138 என்றே தொடங்கும்.

ஆகவே ஒரு மாலிபுவை வாங்கி எஸ்.எஸ். ஆக்குவது பெரிய வேலையில்லை. பானட், கிரில், பட்டைகள், சின்னங்கள் எல்லாம் புதிதாகவே செய்து விற்கிறார்கள். வட்ட மீட்டர்கள் உள்ள டேஷ்போர்டு அதே காலத்து செவர்லே மான்டே கார்லோ காரிலும் உண்டு, அதிலிருந்து கழற்றி மாட்டலாம். பின் ஆக்சிலையும் மாற்றிவிடலாம். ‘எல்லாம் சரியாக இருக்கிறதே’ என்பது இந்த விஷயத்தில் ஒரு சான்றே இல்லை.

பிறகு எதைப் பார்ப்பது? இன்ஜின் பிளாக்கில், பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஒரு சின்னத் தட்டையான மேடு இருக்கும். ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒளிந்திருக்கும், துணியால் துடைத்து டார்ச்சைச் சாய்த்து அடித்தால்தான் தெரியும். அதில் இரண்டு முத்திரைகள். ஒன்று, இன்ஜின் எங்கே எப்போது சேர்க்கப்பட்டது, எந்த ரகம் என்பது. ‘டி 0212 சி.ஆர்.வி.’ என்று இருந்தால் டோனவாண்டா ஆலை, பிப்ரவரி 12, கையால் கியர் மாற்றும் காருக்கான எல்.எஸ்.6. இன்னொன்று, காரின் வின் எண்ணின் கடைசிப் பகுதி. இது டேஷ்போர்டு மேல் உள்ள தகட்டோடு பொருந்தினால்தான் ‘நம்பர் மேட்சிங்’ என்று சொல்லலாம்.

பொருந்தினாலும் உடனே சந்தோஷப்பட வேண்டாம். எண்களைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடிப்பது ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. ஆலையில் அந்த மேட்டைச் சீவும்போது முன்னிருந்து பின்னாகப் போகும் மெல்லிய நேர்க்கோடுகள் விழும். பிற்காலத்தில் மெஷின் ஷாப்பில் சீவியிருந்தால் வளைவு வளைவாக இருக்கும். கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். நேர்மையான மறுசீரமைப்பிலும் அந்த இடத்தைச் சீவுவதுண்டு. அப்போது பழைய எண் போய்விடும். அதை விற்பவர் சொல்லிவிட்டால் தப்பில்லை. எண் போனபின் புது எண் அடித்து, பழையது என்று சொல்வதுதான் மோசடி. பிளாக்கை வார்த்த தேதியும் தனியாகப் பதிந்திருக்கும், ஜனவரிக்கு ‘ஏ’, பிப்ரவரிக்கு ‘பி’ என்று மாதத்துக்கு ஓர் எழுத்து. கார் ஆலையை விட்டு வெளியே வந்த பிறகு வார்த்த பிளாக் அந்தக் காருக்குள் எப்படி வரும்? இந்த எளிய கேள்விக்கே பல விளம்பரங்கள் கவிழ்ந்துவிடும்.

காகிதம் என்றால் முதலில் பில்ட் ஷீட், அந்தக் காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று எழுதிய ஆலைத் தாள். ஆலைத் தொழிலாளிகள் பெட்ரோல் டேங்க் மேலேயோ சீட் ஸ்பிரிங்குக்குள்ளோ விட்டுவிட்டுப் போன தாள் அது. எலி கடித்து, துருக்கறை ஏறி, நாலு துண்டாக இருந்தால் எனக்கு நம்பிக்கை கூடும். வெள்ளையாக மடிப்புக் கலையாமல் வந்தால் கூடுதல் நேரம் எடுத்துப் பார்ப்பேன், ஏனென்றால் அதையும் அச்சடித்துக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். இந்த விஷயத்தில் மற்ற கம்பெனிக் கார்கள் வாங்குபவர்களுக்குச் சௌகரியம். கார் ஆலையில் எப்படிச் செய்யப்பட்டது என்று பழைய பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் அறிக்கை, 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்ற பெயரில் கிடைக்கும், பான்டியாக் காருக்கு பி.எச்.எஸ். ஆவணம். டாட்ஜ், பிளிமத் கார்களில் வின் எண்ணின் ஐந்தாவது எழுத்தே இன்ஜினைச் சொல்லிவிடும். 1970 மாடலில் ‘ஆர்’ என்றால் 426 ஹெமி இன்ஜின். அமெரிக்காவில் விற்ற செவர்லேக்குத்தான் அப்படி ஒரு வசதி இல்லை.

சரி, உடம்புக்கு வருவோம். மிச்சிகன், ஒஹாயோ பக்கம் பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு இந்தக் கார்களைத் தின்று தீர்த்திருக்கிறது. செவெலில் பின் கண்ணாடியின் கீழ் மூலைகள் வழியாகத் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கும். பின் சக்கரத்துக்குப் பின்னால் ஃபெண்டரின் அடிப்பகுதி, டிக்கியின் தரை, பின் ஆக்சிலுக்கு மேலே வளையும் ஃப்ரேம், வினைல் கூரை இருந்தால் அதன் அடி, இவைதான் முதலில் போகும்.

ஒரு வாடிக்கையாளரோடு ஒரு சிவப்புச் செவெலைப் பார்க்கப் போயிருந்தேன். தம்பிக்குக் கார் முன்னமே மனதில் உட்கார்ந்துவிட்டது. “அண்ணா, பெயின்ட்டில் முகம் பார்க்கலாம் போலிருக்கே” என்றான். நான் துணி சுற்றிய காந்தத்தைப் பின் ஃபெண்டரில் வைத்தேன். மேல்பக்கம் ஒட்டியது, சக்கரத்துக்குப் பின்னால் கொண்டுபோனதும் கையோடு வழுக்கி வந்துவிட்டது. பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டரை வைத்தால் ஆயிரம் மைக்ரானுக்கு மேல். நன்றாக ரீஸ்டோர் செய்த காரில் 200, 300 இருந்தால் இயல்பு. ஆயிரம் என்றால் அது பட்டி. டிக்கியைத் திறந்து தரைவிரிப்பைத் தூக்கி, ஃபெண்டரின் உட்புறத்தில் டார்ச் அடித்துக் காட்டினேன். பழைய தகட்டின் துருப்பிடித்த விளிம்பு அப்படியே இருந்தது, அதன்மேல் புதுத் தகட்டை ஏற்றி வரிசையாக ரிவெட் அடித்திருந்தார்கள். வெல்டிங்கூட இல்லை. “பத்து வருஷமா இதிலே ஒரு பிரச்சினையும் இல்லையே” என்றார் விற்றவர். இருக்காதுதான், கராஜை விட்டு வெளியே எடுத்தால்தானே.

வின் தகட்டைத் தனியாகச் சொல்லவேண்டும். டேஷ்போர்டில் அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் அந்தக் கால ஜி.எம். கார்களில் பூ இதழ் வடிவில் இருக்கும். சாதாரண ரிவெட்டோ கீறல்களோ தெரிந்தால் நிறுத்திக் கேளுங்கள். கேன்சஸ் மாநிலத்தில் ஒருவர் 1959 கார்வெட் ஒன்றை நல்ல பணம் கொடுத்து வாங்கி, பதிவு செய்யக் கொண்டுபோனார். யாரோ முன்பு ரீஸ்டோர் செய்தபோது தகட்டைக் கழற்றித் திரும்ப மாட்டியிருந்தார்கள். 2017-இல் மாநிலக் காவல்துறை காரையே பறிமுதல் செய்தது. வாங்கியவர்மேல் எந்தத் தவறும் இல்லை, ஆனாலும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2022-இல் அந்த மாநிலம் சட்டத்தையே திருத்தியது. உங்கள் மாநிலத்தில் சட்டம் எப்படி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது கடைசி. நான் வருமுன் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவைப்பேன், போனதும் பானட்மேல் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் தெரியக்கூடிய எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். டயரில் பட்டன் தேயாமல் இருக்கலாம். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம். அந்த டயரில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, மாலிபுவை எஸ்.எஸ். ஆக்கிய கார் என்றாலே ஒதுக்கிவிட வேண்டுமா என்று கேட்டால், இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஓட்டத்தான் கார் வேண்டுமென்றால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். விலை பாதிக்கும் கீழே கிடைக்கலாம், கீறல் விழுந்தால் நெஞ்சு அடைக்காது, பிரேக்கை டிஸ்க்காக மாற்றினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். விற்பனைப் பத்திரத்தில் ‘குளோன்’ (இப்படி எஸ்.எஸ். ஆக்கிய நகல் கார்) என்ற சொல்லை விற்பவர் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பேச்சில் ‘அசல் எஸ்.எஸ்.’ என்றவர் அதை எழுதவும் மாட்டேன், ‘அசல்’ என்று எழுதியும் தரமாட்டேன் என்றால் முன்பணத்தைக் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.