அரைத் தட்டுத் தாமதம்: ஆன்லைனில் கிட்டார் பழகும் விரல்கள்

களியக்காவிளையை ஒட்டிய எங்கள் ஊர்ப்பக்கம் கிட்டார் புதிதல்ல. சர்ச் பாடகர் குழு என்றால் அதில் ஒரு கிட்டாரும் இருக்கும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்காள் மகளுக்கு, கிறிஸ்துமஸுக்குள் அந்தக் குழுவில் வாசித்துவிட வேண்டும் என்று ஆசை. திருவனந்தபுரத்தில் இருக்கும் ஒரு சாரிடம் வீடியோ காலில் வாரம் இரண்டு வகுப்பு.

இரண்டாவது வகுப்பு முடிந்ததும் முகம் வாடி வந்தாள். “சாரோட சேந்து வாசிச்சா சேரவே மாட்டேங்கு மாமா.” அவரோ “மோளே, லேட்டாயி” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். இவள் சரியான தாளத் தட்டில்தான் வாசித்தேன் என்கிறாள். இருவர் சொல்வதும் உண்மை.

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அதாவது ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லி நொடி. ஒரே அறையில் பத்து மீட்டர் தள்ளி நின்று வாசித்தால் 30 மில்லி நொடி தாமதம். இதற்கு மேல் போனால் இசைக் கலைஞர்களுக்கே தாளம் இழுக்கத் தொடங்கிவிடும். வீடியோ காலில் ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி நொடி இருந்தாலும் பேச்சில் நாம் கவனிப்பதில்லை. ஆனால் காற்றில் அது 50 மீட்டர் தூரம். ரப்பர் தோட்டத்தின் அந்தக் கரையில் ஒருவர், இந்தக் கரையில் ஒருவர் நின்று வாசிப்பது மாதிரி.

சாரின் ஒலி இவளிடம் வர 150, இவள் ஒலி அவரிடம் திரும்ப 150. ஆக அவருக்கு 300 மில்லி நொடி பிந்திக் கேட்கிறது. நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கு 600 மில்லி நொடி. அதில் சரிபாதி! பிள்ளை எவ்வளவு சரியாக வாசித்தாலும் அவருக்கு அரைத் தட்டு தள்ளித்தான் கேட்கும். ப்ளூடூத் ஹெட்போன் போட்டால் தாமதம் இன்னும் கூடும், வயர் உள்ளதே நல்லது. இன்னொரு தொல்லை, வீடியோ கால் செயலிகள் கிட்டாரின் நீண்ட ஒலியை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். ஜூமில் இசைக்காரர்களுக்கென்றே ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம்.

சேர்ந்து வாசிக்க முடியாது என்றானதும் சார் முறையை மாற்றினார். அவர் நாலு தட்டு வாசிப்பார், நிறுத்துவார், “இனி நீ” என்பார். எனக்கு இதுதான் நல்ல முறை என்று படுகிறது. கூடவே ஒருவர் வாசிக்கும்போது அவருடைய ஒலிக்குள் நம் பிழை ஒளிந்துகொள்ளும். தனியாக வாசிக்கும்போது கேட்டதை மனதில் பிடித்துவைத்துத்தான் விரலை வைக்க வேண்டும். நடுவில் சிறு இடைவெளியும் கிடைக்கிறது.

அந்த இடைவெளியைப் பற்றி அமெரிக்கத் தேசிய நலவாழ்வுக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2019இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். விசைப்பலகையில் புதிய விரல் வரிசை ஒன்றை 10 நொடி தட்டுவது, 10 நொடி ஓய்வு என்று பழகவைத்தார்கள். ஆரம்பகட்ட வேக முன்னேற்றம் தட்டும்போது வரவில்லை, ஓய்வுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. அந்த ஓய்வில் மூளை அதே வரிசையைச் சுமார் 20 மடங்கு வேகத்தில் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது என்று 2021இல் சொன்னார்கள். இது உண்மையான கற்றலா, களைப்பு நீங்கியதால் வந்த வேகமா என்று ஆய்வாளர்களிடையே விவாதம் நடக்கிறது. தூக்கத்தின் பங்கு இதைவிடப் பழைய செய்தி. 2002இல் வலக்கைக்காரர்களை இடக்கையால் ஒரு வரிசையைத் தட்டவைத்தார்கள். ஓர் இரவு தூங்கி எழுந்ததும், மேற்கொண்டு பழகாமலேயே, வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. கிட்டாரில் கம்பியை அழுத்துவதும் பெரும்பாலும் அதே பழக்கமில்லாத இடக்கைதானே.

என் அப்பா ரப்பர் வெட்டுக்காரர். இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. “ஒருநாள் விட்டு ஒருநாள்தானே வெட்டுறோம், தெனம் வெட்டினா பட்டை மரத்துப்போவும்லா” என்றார். மரத்தில் பால் ஊறுவதும் மூளையில் பழக்கம் ஊறுவதும் வேறு வேறு வேலைகள்தான். ஆனாலும் பிள்ளை மாமனை விட்டுவிட்டுத் தாத்தா சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டாள். ஞாயிறு மதியம் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வாசிப்பதை விட்டுவிட்டு, இப்போது தினமும் காலையில் பதினைந்து நிமிடம், படுக்கும் முன் பதினைந்து நிமிடம்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன செய்கிறாள் என்பதுதான் முக்கியம். முன்பெல்லாம் பாட்டை முதலிலிருந்து தொடங்குவாள், எஃப் கார்டில், அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் இடத்தில், தடுக்கும், மறுபடி முதலிலிருந்து. தெரிந்த இடம் முப்பது முறை, தெரியாத இடம் அவசரமாக ஒரு முறை. பிழையோடு திரும்பத் திரும்ப வாசித்தால் அந்தப் பிழையும் பழகிவிடும். இப்போது சி-யிலிருந்து எஃப்-க்கு மாறும் அந்த ஒரு நொடியை மட்டும், தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 50 தட்டு வைத்து வாசிக்கிறாள். பிழையில்லாமல் வந்தால் 54. வராவிட்டால் 46.

அப்போதும் எஃப் கரகரத்தது. சாருக்குக் காரணம் தெரியவில்லை, ஏனென்றால் செம்பில் சாய்த்து வைத்த போன் அவள் முகத்தைத்தான் காட்டியது. போனை இடப்பக்கம் தள்ளி விரல் தெரியும்படி வைத்ததும் உடனே கண்டுபிடித்துவிட்டார். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். விரல் இரண்டு ஃப்ரெட்டுகளுக்குச் சரி நடுவில் இருந்தது. ஃப்ரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றே பின்னால் அழுத்தினால் குறைந்த பலத்திலேயே கம்பி ஃப்ரெட்டில் இறுகிவிடும். நடுவில் அழுத்தினால் இன்னும் பலம் வேண்டும், இல்லையென்றால் கம்பி ஃப்ரெட்டின் மேல் அதிர்ந்து கரகரக்கும். அரை விரல் அகலம் நகர்த்தினாள். ஒலி மணி மாதிரி வந்தது.

விரல் நுனியில் கம்பி பதிந்த கோடு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. அழுத்தம் திரும்பத் திரும்ப விழும் இடத்தில் மேல்தோல் தடிக்கும், அதற்குச் சில வாரம் ஆகும். வலித்தால் நிறுத்திவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று இரவு மெட்ரோனோம் 72இல் இருந்தது. பாட்டுக்கு 80 வேண்டும். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.