வெறும் காத்துல அப்படி என்ன இருக்கு? ஏர் கன்னுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற நெருப்பு

பட்டர்வொர்த்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருந்தாங்க. வீட்டுக்காரருக்கு 46 வயசு, வாரம் பூரா வேலை, ஞாயித்துக்கெழமையாவது வீட்ல இருப்பாருன்னு பாத்தா காலையில பசியாறக்கூட நிக்காம ஏர் கன் சுடக் கெளம்பிடுறாராம். "மருந்து இல்ல, வெடி இல்ல, வெறும் காத்து, இந்த வயசுல அதுல அப்படி என்னதாங்க இருக்கு?"

நானும் அந்த ஞாயித்துக்கெழம ஆளுங்கள்ல ஒருத்தன்தான், அதனால இந்தக் கேள்விக்கு ஆசையா பதில் சொல்றேன். அதுக்கு முன்னால ஒரு விஷயம். நம்ம மலேசியாவுல ஏர் கன் விளையாட்டுச் சாமான் கெடையாது, 1960-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துல அதுவும் ஆயுதம்தான், லைசென்ஸ் இல்லாம வீட்ல வச்சிருந்தா போலீஸ் கேஸ். ஆன்லைன்ல பாத்து ஆசைப்பட்டு வாங்கிடாதீங்க, முறையா ஒரு கிளப்ல சேந்து, ரேஞ்சுக்கு, அதாவது சுடுறதுக்குன்னே இருக்கிற எடத்துக்குப் போய், சொல்லிக் குடுக்குறவங்க பக்கத்துல நின்னு சுடுறதுதான் வழி.

சரி, காத்து எப்படித் தள்ளுதுன்னு பாப்போம். இதை நம்ம ஊர் ஆளுங்களுக்கு விளக்குறது சுலபம். நம்ம பழங்குடி ஓராங் அஸ்லி மக்களோட சும்பிட் பாத்திருப்பீங்க, நீளமான மூங்கில் குழாய், அதுக்குள்ள ஒரு சின்ன அம்பு, பின்னாடி வாயை வச்சு ஒரே ஊது. (அம்பு முனையில தடவுற விஷப் பால் ஈப்போ மரத்துல இருந்து எடுக்கிறது, ஈப்போ பட்டணத்துக்குப் பேரு வந்ததும் அந்த மரத்தாலதான்.) நம்ம நுரையீரலால குடுக்க முடியிற அழுத்தம் ரொம்பக் கொஞ்சம், ஆனா குழாய் நீளமா இருக்கிறதால அந்தக் கொஞ்ச அழுத்தம் ரொம்ப தூரத்துக்கு அம்பைத் தள்ளிக்கிட்டே போகுது, வேகம் ஏறிக்கிட்டே இருக்கு. ஏர் கன்னும் இதேதான், ஊதுறதுக்கு வாய்க்குப் பதிலா வேற ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான். ஒலிம்பிக்ல சுடுறவங்க துப்பாக்கியில 200 பார், அதாவது வெளிக்காத்தைப்போல சுமார் 200 மடங்கு அழுத்தத்துல காத்தை முன்கூட்டியே அடைச்ச சிலிண்டர் இருக்கும், ட்ரிகரை இழுத்தா ஒவ்வொரு தடவையும் அளந்து கொஞ்சம் காத்து வெளிய வரும், அதிர்வே தெரியாது. அருமையான சாமான்தான், ஆனா என் மனசு பழைய ஸ்ப்ரிங் ரைபிள் மேலதான்.

ஸ்ப்ரிங் ரைபிள்ல காத்தை யாரும் அடைச்சு வைக்கிறதில்ல. பேரலை, அதாவது துப்பாக்கிக் குழாயை மடக்கும்போது உள்ள ஒரு பெரிய ஸ்ப்ரிங் அமுங்கி, பிஸ்டன் பின்னாடி போய் கொக்கியில மாட்டிக்கும். பிஸ்டனுக்கு முன்னால இருக்கிறது சாதாரண காத்து, நீங்களும் நானும் மூச்சு விடுற அதே காத்து. ட்ரிகரை இழுத்ததும் ஸ்ப்ரிங் பிஸ்டனை முன்னாடி வீசும், அந்தக் காத்துக்குப் போக ஒரு சின்ன ஓட்டை மட்டும்தான், ஓட்டையோட அந்தப் பக்கம் பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. பிஸ்டன் கால் செகண்டு கூட இல்ல, ஒரு செகண்டுல ஏறக்குறைய நூத்துல ஒரு பங்கு நேரத்துல ஓடி முடிச்சிடும்.

இங்கதான் எனக்குப் புல்லரிக்கும். காத்தை மெதுவா அமுக்கினா சூடு வெளிய போய்டும், ஆனா இவ்வளவு வேகமா அமுக்கினா அந்தச் சூட்டுக்குத் தப்பிக்க நேரமே இல்ல. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்ப்போட அடிப்பக்கம் சுடும்ல, அதோட அண்ணன் இது. ஸ்கூல் பிசிக்ஸ்ல வர்ற கணக்குதான், 30 டிகிரியில இருக்கிற காத்தை வெப்பம் வெளிய விடாம இருபதுல ஒரு பங்கா சுருக்கினா அதோட வெப்பநிலை 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும், அழுத்தம் 60 மடங்குக்கு மேல போகும். நிஜத்துல உலோகச் சுவர் கொஞ்சம் சூட்டைக் குடிச்சிடும், அதனால கொஞ்சம் கொறையும், ஆனாலும் உங்க தோளுக்குப் பக்கத்துல, ஒரு கட்டைவிரல் அளவு இடத்துல, கண்ணிமைக்கிறதுக்குள்ள ஒரு உலை எரிஞ்சு அணையுது. அந்தச் சூடேறின காத்து விரியும்போதுதான் பெல்லட் பறக்குது, விரிஞ்சதும் குளிர்ந்து போய்டுது, பேரல் முனையில கை வச்சுப் பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்.

இதை நம்ம மலாய்க்காரப் பாட்டன்மாருங்க துப்பாக்கி இல்லாமலே கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க. கோபெக் ஆப்பி. எருமைக் கொம்பிலயோ மரத்துலயோ செஞ்ச ஒரு சின்னக் குழல், ஒரு பக்கம் அடைப்பு, உள்ள இறுக்கமா போற ஒரு தண்டு, தண்டோட நுனிக் குழியில கொஞ்சம் பஞ்சு. உள்ளங்கையால ஓங்கி ஒரு அடி அடிச்சுட்டு சட்டுன்னு தண்டை உருவினா பஞ்சுல கனல். தீக்குச்சி இல்ல, சிக்கிமுக்கிக் கல் இல்ல, காத்தை அமுக்கியே நெருப்பு. இந்த வட்டாரம் முழுக்க, மலாய்த் தீவுகள்ல இருந்து பர்மா வரைக்கும், இது புழக்கத்துல இருந்திருக்கு. ஐரோப்பாக்காரங்களுக்கு இது பிடிபட்ட கதையும் அழகு, ஏர் கன்னுக்குக் காத்தடிக்கிற பம்ப்பை வேகமா இயக்கினப்போ உள்ள இருந்த பஞ்சு பத்திக்கிட்டதைப் பாத்துத்தான் அங்க இது பேச்சாச்சு. அப்புறம் ஜெர்மனியில மியூனிக்ல கார்ல் வான் லிண்டேன்னு ஒரு பேராசிரியர், அவர்கிட்ட படிச்ச பையன் ருடால்ஃப் டீசல். லிண்டே பினாங்குல இருந்து ஒரு கோபெக் ஆப்பியைக் கொண்டுபோய் வகுப்புல பத்த வச்சுக் காட்டினாருன்னும், அதைப் பாத்துத்தான் டீசலுக்குப் பொறி தட்டுச்சுன்னும் ரொம்ப நாளா ஒரு கதை சொல்லப்பட்டு வருது. 1897-ல ஓடிக் காட்டின டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கெடையாது, காத்தை அமுக்கிற சூட்டுலயே எண்ணெய் பத்திக்கணும், கோபெக் ஆப்பி செய்யற வேலை அதேதான். பினாங்குப் பாலத்துல போற ஒவ்வொரு டீசல் லாரிக்குள்ளயும் அது இருக்கு.

எனக்கு ஒரு வருத்தம், இதை நம்ம பிள்ளைங்க ஸ்கூல்ல பாக்குறதே இல்ல. கண்ணாடி மாதிரி தெளிவான குழாய்ல செஞ்சா பஞ்சு பளிச்சுனு எரியறது கண்ணுக்கே தெரியும், கடைசி வரிசை வரைக்கும் எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க. ஆய்வுக்கூடத்துக்குப் பெரிய திரை, பெரிய கம்ப்யூட்டர் வாங்க காசு ஒதுக்கறாங்க, ஒரு குடும்பம் நாசி கண்டார் சாப்பிடற காசுல முடியிற இந்தச் சாமானை ஒவ்வொரு தமிழ்ப்பள்ளிக்கும் வாங்கிக் குடுக்கலாம். நம்ம மண்ணுல பொறந்த விஞ்ஞானத்தை நம்ம பிள்ளைங்களே பாக்காம இருக்கிறது நல்லா இல்ல.

இந்த டீசல் விஷயம் எனக்குப் புரிஞ்சது புத்தகத்துல இல்ல. எங்க ரேஞ்சுல ஒரு அண்ணன், வயசுல பெரியவர், ஒரு ஆயுத பூஜைக்கு கிளப்போட பழைய ஸ்ப்ரிங் ரைபிளைத் தொடச்சு, தையல் மெஷின் எண்ணெய் தாராளமா விட்டு, பொட்டு வச்சுக் கும்பிட்டாரு. அடுத்த வாரம் முதல் சுடுல படார்னு ஒரு வெடிச் சத்தம், பேரல்ல புகை, எரிஞ்ச எண்ணெய் வாடை, பெல்லட் டார்கெட்டுக்கு மேல எங்கயோ போய்டுச்சு. அவர் முகமே வெளிறிப் போச்சு. "பூஜையில ஏதோ கொறை வச்சுட்டேன் தம்பி, கண்ணு பட்டுடுச்சு"ன்னு எலுமிச்சம்பழம் வாங்கப் போய்ட்டாரு. அவர் பக்திய நான் மதிக்கிறேன், ஆனா பயத்தை மதிக்க முடியல. ஓட்டை வழியா எண்ணெய் பிஸ்டனுக்கு முன்னால போயிருக்கு, அமுங்கின காத்தோட சூட்டுல அது பத்திக்கிச்சு, ஒரு டீசல் எஞ்சின் ஒரே ஒரு தடவை ஓடியிருக்கு. சுடறவங்களும் இதுக்கு டீசலிங்னுதான் பேரு வச்சிருக்காங்க. அண்ணனை உக்கார வச்சு இதைச் சொல்லி, மிச்ச எண்ணெயைத் தொடச்சு எடுத்து, இன்னும் கொஞ்ச தடவை சுட்டதும் புகை நின்னுடுச்சு. அதுக்கப்புறம் அவரே புதுசா வர்றவங்களுக்கு இதை விளக்குவாரு, என்னைவிட நல்லாவே.

சரி, இதுக்கும் 46 வயசு மனுஷன் காலையில ஓடிப் போறதுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. பெல்லட்டோட எடை அரை கிராம்தான், வேகம் செகண்டுக்கு 170 மீட்டர் சுமாரு. ஆனா பிஸ்டன் கால் கிலோ பக்கத்துல இருக்கும், செகண்டுக்கு ஒரு 10 மீட்டர் வேகத்துல ஓடுது. எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்க, அதுதான் உந்தம், பிஸ்டனோட உந்தம் பெல்லட்டைவிட 20 மடங்குக்கு மேல. அதனால துப்பாக்கியை உலுக்கறது பெல்லட் இல்ல, பிஸ்டன்தான். அது முன்னாடி ஓடும்போது துப்பாக்கி பின்னாடி வரும், அது காத்து மெத்தையில மோதி நிக்கும்போது துப்பாக்கி முன்னாடி குதிக்கும், இந்தக் கூத்து ஆரம்பிக்கும்போது பெல்லட் இன்னும் பேரலுக்குள்ளயே இருக்கு! அப்போ நீங்க துப்பாக்கியை எப்படிப் புடிச்சிருக்கீங்கங்கிறது பெல்லட் போற இடத்தை மாத்திடும். கோவத்துல இறுக்கிப் புடிச்சா ஒரு எடம், தளர்வா விட்டா இன்னொரு எடம். உள்ளங்கைய விரிச்சு, ஒரு பச்சப் புள்ளையத் தாங்கற மாதிரி தாங்கி, ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி விட்டாத்தான் ஒரே இடத்துல ஓட்டை விழும். இந்தச் சாமான்கிட்ட பலத்தைக் காட்டி ஒண்ணும் சாதிக்க முடியாது. இளவட்டத்துக்கு இது பிடிபட லேட்டாகும், நாப்பது தாண்டினவங்களுக்கு சீக்கிரம் பிடிச்சுப் போய்டும்.

10 மீட்டர் ஏர் ரைபிள் டார்கெட்ல பத்து மார்க் குடுக்குற நடு வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. ஒரு சுடுக்கு முழு மார்க்கான 10.9 வாங்கணும்னா பெல்லட் நடுவுல இருந்து கால் மில்லிமீட்டருக்குள்ள போகணும், அதுக்குக் குறி பாக்குற ரெண்டு முனையில ஒண்ணு 0.02 மில்லிமீட்டர் நகந்தாலே போச்சு, தலைமுடி தடிமன்ல ஒரு பகுதி. அந்த அளவுக்கு வந்தா உங்க இதயத் துடிப்பு குறியில தெரியும், புள்ளி டிக் டிக்னு ஆடும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ரெண்டு துடிப்புக்கு நடுவுல ட்ரிகரை இழுக்கணும். துடிப்பை அடக்குற பீட்டா பிளாக்கர் மாத்திரையை இந்த விளையாட்டுல தடை பண்ணியிருக்காங்க, 2008 பெய்ஜிங்ல வடகொரியாக்காரர் ஒருத்தர் அதுக்காகவே ரெண்டு பதக்கத்தை இழந்தாரு. மத்த விளையாட்டுல ஊக்க மருந்துன்னா உடம்பு முறுக்கேற, இங்க அமைதியாக.

வயசைப் பத்தி இன்னொண்ணு. 2024 பாரிஸ்ல ஒரு கைய பாக்கெட்ல விட்டுக்கிட்டு சுட்ட துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச், 51 வயசு, கலப்பு இரட்டையர் ஏர் பிஸ்டல்ல வெள்ளி. 2012 லண்டன்ல நம்ம நூர் சுரியானி எட்டு மாச கர்ப்பத்தோட ஏர் ரைபிள் சுட்டாங்க. கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் இந்தியாவுக்காக ரெண்டு ஒலிம்பிக் போயிருக்காங்க. உயரம், வேகம், முழங்கால் எதையும் கேக்காத விளையாட்டு வேற எத்தனை இருக்கு சொல்லுங்க.

பெல்லட் பத்தி சொல்லாம விட மனசு வரல. இடுப்பு சிறுத்து, பின்பக்கம் பாவாடை மாதிரி விரிஞ்சு, உள்ள குழிவா இருக்கும். அந்தப் பாவாடை காத்தழுத்தத்துல விரிஞ்சு பேரலோட ஒட்டிக்கும், காத்து கசியாது. வெளிய வந்ததும் பூப்பந்து ஆட்டத்து இறகுப் பந்து மாதிரிதான், கனமான தலை முன்னாடி, பின்பக்கத்துல காத்து இழுக்கும், அதனால தலைகீழாப் புரளாம நேராப் போகும். சில பேரு ஒரு டப்பா பெல்லட்டை ராசியான டப்பான்னு பொத்திப் பொத்தி வச்சுக்குவாங்க. அந்த ராசிய அளக்கலாம். 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர்னு தலையோட விட்டம் நூலிழை வித்தியாசப்படும், உங்க பேரலுக்கு எது கச்சிதமா பொருந்துதோ அதுதான் ராசி. அதிர்வில்லாத சிலிண்டர் துப்பாக்கியா இருந்தா ஒரு இடுக்கியில இறுக்கி வச்சு ஒவ்வொரு டப்பாவுலயும் பத்து பத்து சுட்டுப் பாத்தா பேப்பர்லயே தெரிஞ்சிடும்.

அதனால சகோதரி, அடுத்த ஞாயித்துக்கெழம நீங்களும் கூடப் போங்க, ஒரு பத்து சுடு சுட்டுப் பாருங்க. பெல்லட் ஈயத்துல செஞ்சது, அதனால முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் பசியாறணும். அப்புறம் ஸ்ப்ரிங் ரைபிளைக் குடுத்தாங்கன்னா பெல்லட் போடாம மட்டும் ட்ரிகரை இழுத்துடாதீங்க, முன்னால அடைப்பு இல்லைன்னா அந்தக் காத்து மெத்தை உருவாகாது, பிஸ்டன் நேரா இரும்புல போய் மோதி ஸ்ப்ரிங் ஒடஞ்சிடலாம், அப்புறம் வீட்டுக்காரர் ரெண்டு வாரம் பேச மாட்டாரு.