உயிலில் சிலை வைக்காதீர்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். தனக்கும் மனைவிக்கும் ஆளுயரச் சிலை, அதைச் சுற்றி மண்டபம், வாடகை வருமானம் முழுவதும் அதன் பராமரிப்புக்கு. “என் காசு, என் இஷ்டம். கோர்ட் என்ன கேட்பது?” ஸ்காட்லாந்தில் உயில் எழுதித் தருகிற எனக்கு இது அலுத்துவிட்டது. (அசையும் சொத்தில் பிள்ளைகளுக்கு இங்கே சட்டமே பங்கு வைத்திருக்கிறது. அது தனிக் கதை.)

மேற்குக் கரையில் ஓபன் என்ற துறைமுக ஊருக்குப் போய்ப் பாருங்கள். குன்றின் மேல் ரோமாபுரி கொலோசியத்தை நினைவூட்டும் வட்டச் சுவர் தெரியும். மெக்கேக் கோபுரம் என்பது அதுதான். வங்கியாளர் ஜான் ஸ்டுவர்ட் மெக்கேக் 1897-இல் தொடங்கியது. குளிர்காலத்தில் கல்தச்சர்களுக்குக் கூலி, குடும்பத்துக்குப் பேர். கருங்கல்லில் இரண்டு அடுக்காக 94 கூர்வளைவுகள்: கீழே 44, மேலே 50. உள்ளே அருங்காட்சியகம், ஓவியக்கூடம், நடுவில் கோபுரம் என்று திட்டம். 1902-இல் அவர் இறந்ததும் வேலை வெளிச்சுவரோடு நின்றது.

தன் சிலையும் பெற்றோர், உடன்பிறந்தார் சிலைகளும் அங்கே நிற்க வேண்டும், தன் நிலங்களில் மேலும் கோபுரங்கள் எழ வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். சகோதரி கேத்தரின் வழக்குப் போட்டார். 1907-இல் ஜெயித்தார்.

எப்படி? உயிரோடு இருக்கும்வரை உங்கள் பணத்தைக் கடலில் கொட்டுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். இறந்த பிறகு அது யாருக்காவது போய்ச் சேர வேண்டும்: ஒரு ஆளுக்கு, இல்லையென்றால் பொதுமக்களுக்கு. வாரிசுக்குக் கிடையாது என்று எழுதினால் போதாது, வேறு யாருக்கு என்றும் இருக்க வேண்டும். சிலை பணம் வாங்கிக்கொள்ளாது. அந்தச் சிலைகளால் யாருக்கும் பலனில்லை என்றது நீதிமன்றம்.

வேடிக்கை, அதே கேத்தரின் தன் உயிலில் பதினொரு வெண்கலச் சிலைகள் கேட்டார்! 1915-இல் அதுவும் செல்லாமல் போனது.

சரி, என்ன செய்யலாம்? கட்ட ஆசையிருந்தால் இப்போதே கட்டுங்கள். நியாயமான அளவில் கல்லறையும் நினைவுக்கல்லும் கேட்டால் சட்டம் தடுக்காது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஊருக்குப் பயன்படுகிற ஏதாவது ஒன்றுக்கு எழுதுங்கள். தயவுசெய்து பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், தாத்தா கட்டிய இப்படியொரு கட்டடம் உங்கள் கைக்கு வந்திருந்தால், அது பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெக்கேக் கோபுரம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் உள்ள கட்டடத்தை அனுமதியில்லாமல் அதன் தன்மை கெடும்படி மாற்றுவது இங்கே குற்றம். மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன் உள்ளூர் கவுன்சிலுக்கு எழுதுங்கள்.