ஒரு நாள் எடுக்கும், ஒரு நாள் எடுக்காது: மலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி

குன்னூரில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். சுத்தமாகப் படுத்துவிட்ட வண்டி என்றால் எனக்குக் கவலையே இல்லை. கோளாறு அங்கேயே உட்கார்ந்திருக்கும், மீட்டரை வைத்தால் மாட்டிக்கொள்ளும். பாடாய்ப் படுத்துவது, வீட்டு வாசலில் அரை மணி நேரம் அழிச்சாட்டியம் செய்துவிட்டு, கடைக்கு வந்ததும் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகிற வண்டிதான். அந்தக் கோளாறு வரும் நேரத்தில் அங்கே நான் இருப்பதில்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள். அதனால் பாதி வேலை உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சாவியைத் திருப்பும்போது இன்ஜின் சுற்றுகிறதா, இல்லையா? 'ஸ்டார்ட் ஆகலீங்க' என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். செல்ஃப் சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, டெர்மினல், எர்த் (பேட்டரி மைனஸை இன்ஜின், பாடியோடு சேர்க்கும் ஒயர்), சாவி ஸ்விட்ச், ரிலே (சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்), செல்ஃப் மோட்டார் என்று தேட வேண்டும். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல், ஸ்பார்க், சென்சார் பக்கம் போக வேண்டும். சில வண்டிகளில், சரியான சாவி இல்லாமல் வண்டியை எடுக்க விடாத இம்மொபிலைசர் செல்ஃபையே தடுத்துவிடும்; டேஷ்போர்டில் சாவிப்படம் மின்னுகிறதா என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியைப் போட்டதும் ஓடினால் வேலை பெரும்பாலும் அங்கேயே முடிந்தது.

அடுத்து, காலையில் குளிரிலா, ஓடி நின்ற பிறகு சூட்டிலா, மழை பெய்த மறுநாளா என்பது. கையில் ஃபோன் இருக்கிறது. கோளாறு வரும்போது சாவியைத் திருப்பி, டேஷ்போர்டு தெரிய, சத்தம் கேட்கப் பத்து விநாடி வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள். அரை மணி நேர விளக்கத்தைவிட அது எனக்கு உதவும்.

குளிர் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரில் பேட்டரியின் இழுக்கும் சக்தி கணிசமாகக் குறையும். ஆயிலும் கெட்டியாவதால் செல்ஃபுக்கு அதிக கரண்ட் வேண்டும். இதோடு, வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று சின்னச் சின்ன ஓட்டமே ஓடினால் ஆல்டர்னேட்டர் பேட்டரியை நிரப்ப நேரமே கிடைக்காது. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். 12.2 என்றால் பாதிதான். மேட்டுப்பாளையத்தில் தாக்குப்பிடிக்கிற பாதி, ஊட்டியில் தாக்குப்பிடிக்காது.

ஆனால் நிற்கும்போது 12.6 காட்டுகிறது என்பதற்காக எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கோத்தகிரிப் பக்கம் கேரட் விவசாயம் செய்யும் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை செல்ஃப் எடுக்காது, 'டிக்' என்ற சத்தம்கூட வராது. ஏற்கெனவே வேறு இடத்தில் பேட்டரியும் மாற்றி, செல்ஃப் மோட்டாரும் மாற்றியாகிவிட்டது.

"எப்பப்பங்க பண்ணுது?"

"நேரங்காலமே இல்லீங்கண்ணா. சாவியைக் கொஞ்சம் மேல தூக்கிப் புடிச்சுத் திருப்புனா சில சமயம் எடுத்துக்கும்."

இதை அவர் இதற்கு முன் யாரிடமும் சொல்லவில்லையாம். யாரும் கேட்கவும் இல்லை. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் சின்ன ஒயரில் மீட்டரை மாட்டிவிட்டு, சாவியை மெதுவாக, அழுத்தாமல் திருப்பச் சொன்னேன். பேட்டரியில் 12க்கு மேல் இருக்கிறது, அந்த ஒயரில் 7 வோல்ட்தான் வருகிறது. சாவியைத் தூக்கிப் பிடித்தால் 11. அவ்வளவுதான், சாவி ஸ்விட்சுக்குள்ளேயே வோல்ட் குறைந்துவிடுகிறது. கழற்றிப் பார்த்தால் உள்ளே காண்டாக்ட் கருகிக் கிடந்தது.

ஏன் கருகியது? மலையில் ஓடும் வண்டி என்றால் மிஸ்டுக்காக மஞ்சள் ஃபாக் லேம்ப் போடாமல் இருக்க மாட்டோம். 55 வாட்ஸ் பல்ப் இரண்டு சேர்ந்தால் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி ரிலேயும் பியூஸும் வைத்துப் பேட்டரியிலிருந்து நேராக லைன் எடுக்க வேண்டும். இவர் வண்டியிலோ சாவி ஸ்விட்சின் ஒயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். ஒவ்வொரு மூடுபனி நாளிலும் அந்தச் சுமையெல்லாம் ஸ்விட்ச் வழியாகவே போயிருக்கிறது. அலாரம், சென்ட்ரல் லாக், பெரிய ஹாரன் எல்லாவற்றிலும் இதே கதைதான். ஸ்டார்ட் ஆகாத வண்டி வந்தால், கம்பெனி போடாத ஒயர் எங்கெங்கே போகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். ஃபாக் லேம்ப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ரிலே வைத்தார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

எர்த் ஒயருக்கும் இதே சோதனைதான். மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸ் கம்பத்தில், மறுமுனை இன்ஜின் இரும்பில்; செல்ஃப் சுற்றும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இங்கே ஈரம் அதிகம், போல்டுக்கு அடியில் துரு ஏறிவிடும். மேலே பார்த்தால் பளிச்சென்று இருக்கும்.

அப்புறம் சூட்டில் வரும் கோளாறு. சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் இது அதிகம். ஏசி போட்டு, நாலு பேரும் பெட்டியுமாக ஏறி வந்து, குன்னூரில் டீ குடிக்க நிறுத்துவார்கள். திரும்பி வந்தால் செல்ஃப் ஜோராகச் சுற்றும், வண்டி பிடிக்காது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். இன்ஜினை நிறுத்தியதும் கூலன்ட் ஓட்டம் நின்றுவிடுவதால், பானட்டுக்குள் சூடு கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே போகும். இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது க்ராங்க் சென்சார்; அதற்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருளில் விரிசல் இருந்தால், அந்தச் சூட்டில் பிரிந்துகொள்ளும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். சென்சார் சிக்னல் வராவிட்டால் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் விடாது. செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யமாகவே நின்றால் சந்தேகம் அதன் மேல்தான். பல வண்டிகளில் டேஷ்போர்டு முள்ளே அசையாமல் நின்று காட்டிக்கொடுக்கும். ஆனால் சென்சாரை வாங்குவதற்கு முன் அதன் சாக்கெட்டையும் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் சூடான இன்ஜின் மேல் எலி வந்து படுத்துக்கொள்ளும், சும்மாவும் இருக்காது.

"மேலே காற்று கம்மி, அதனால்தான் ஸ்டார்ட் ஆகலை" என்று வழியில் யாராவது சொல்வார்கள். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அதில் கொஞ்சம் உண்மை உண்டு. இன்ஜெக்‌ஷன் வண்டி காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். ஊட்டி உயரத்தில் இழுவை குறையும், ஸ்டார்ட் ஆவது நிற்காது.

இனி, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் 'இறக்கத்துல விட்டு கியரப் போடுங்க' என்பார்கள். இன்ஜின் ஓடாத வண்டியில், பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வாக்குவம் மிச்சம் இருக்கும். அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். சாவியை உருவிவிட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவு உள்ள ரோட்டில் இது வேண்டவே வேண்டாம். ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டியைத் தள்ளினாலும் பயனில்லை. ஏறும்போது அணைந்துவிட்டால் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்துப் பிடித்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள், புண்ணியமாகப் போகும். மூடுபனியில் பைக்கில் வருகிறவனுக்கு அது தெரியாது.

ரிப்பேர் முடிந்தது என்று சொன்னால் மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். என்ன சோதித்து அதை மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். 'மாத்திப் பார்ப்போம்' என்பது பதில் என்றால் பர்ஸை மூடிக்கொள்ளலாம். சூட்டில் வந்த கோளாறு என்றால் நான் வண்டியை மேட்டுப்பாளையம் ரோட்டில் பர்லியாறு வரை இறக்கி, திரும்ப ஏற்றி, பானட்டைத் திறக்காமல் கால் மணி நேரம் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்புவேன். குளிரில் வந்தது என்றால் ராத்திரி வெளியிலேயே நிற்கட்டும், காலையில் வந்து நீங்களே ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.